யாருக்கும் வேண்டாத நாலு மாதம்

போன மாதம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். குரலில் தேன் ஒழுகியது. கடற்கரையில் ஒரு ரிசார்ட்டாம், வருஷத்துக்கு ஏழு நாள் எனக்கே சொந்தமாம், வாழ்நாள் முழுக்கவாம். "பிடிக்கலேன்னா வித்துக்கலாமா?" என்று கேட்டேன். "ஈஸியா வித்துரலாம் மேடம்" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து போனை வைத்துவிட்டாள்.

ஏழு நாள் என்ன, எங்கள் குடும்பத்துக்கு அந்தமானில் வருஷத்துக்கு நாலு மாதமே சொந்தமாக இருந்தது. அதை யார் தலையிலாவது கட்டிவிட்டு வரலாம் என்று நான் தனியாகக் கப்பல் ஏறினேன். எழுபதுகளின் நடுவில், ஒரு ஆனி மாதம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பரமக்குடி தபால் ஆபீஸில் தந்திப் பிரிவில் வேலை. இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தமானுக்கு வழி கேட்டு எழுதுகிறீர்கள். என்னுடைய வழி இன்றைக்கு உங்களுக்கு உதவாது. ஆனாலும் எழுதுகிறேன், படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் அந்த நாலு மாதம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளில் தீவில் ஆட்களைக் குடியேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் பக்கத்திலிருந்து மூன்று கூட்டாளிகள் போர்ட் பிளேருக்குப் போனார்கள். என் அப்பா வேலாயுதம், அவருடைய சிநேகிதர் காதர், அருணாசலம் என்று இன்னொருவர். ஜங்லிகாட்டில் பலகை வீடு ஒன்று கட்டினார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு அறை. புளி, மிளகாய், வெங்காயம், பீடி, கைலி எல்லாம் மெட்ராஸ் கப்பலில் வரும். மூன்று பேருக்கும் குடும்பம் ஊரில். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு நாலு மாதம். தன் முறையில் வருகிற லாபம் தன்னுடையது, தன் முறையில் உடைகிற எதையும் தானே சரிசெய்ய வேண்டும். முறை முடிந்ததும் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும். சாவியைத் தபாலில் அனுப்பக் கூடாது, ஆள் மூலமும் கூடாது. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை எடுக்க வேண்டுமென்றால் மூன்றாமவர் சம்மதிக்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆனால் இருபது வருஷம் ஒருவரும் மீறவில்லை.

தை முதல் சித்திரை வரை காதர். புரட்டாசி முதல் மார்கழி வரை அருணாசலம். எங்களுக்கு வைகாசி முதல் ஆவணி வரை. அந்தமான் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் "அடப்பாவமே" என்பார்கள். அந்த நாலு மாதமும் கொட்டும் மழை. வெங்காயம் அழுகும், புளி ஒழுகும், தகரம் பறக்கும். கப்பல் எப்போதாவது ஒன்று வரும், அதுவும் காற்றைப் பொறுத்தது. காதர் வீட்டில் மாடி எழுந்தது. அருணாசலம் வீட்டில் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா முறுக்குச் சுட்டு விற்றாள்.

இதற்கு அப்பா சொன்ன காரணம் எங்கள் வீட்டில் வேதம். முதல் வருஷம் காதர் தன் தொப்பியைக் கழற்றி மூன்று சீட்டு மடித்துப் போட்டாராம், ஆளுக்கு ஒன்று எடுத்தார்களாம், அப்பாவுக்கு மழை வந்ததாம். "சீட்டை மடிச்சவன் காதர்" என்று முடிப்பார். அவ்வளவுதான் சொல்வார், மிச்சத்தை அம்மா சொல்லிக்கொள்வாள். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஆடியில், ஆறு வயதுத் தம்பி முருகேசன் காய்ச்சலில் படுத்தான். மூன்றாம் நாள் தந்தி அடித்தோம். ஐந்தாம் நாள் பதில் வந்தது: நோ ஷிப், கமிங் ஆவணி. அதற்குள் தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று முதல் அம்மா காதர் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றாத ஆடி கிடையாது. "அவன் மட்டும் மழை மாசத்த நம்ம தலையில கட்டாம இருந்திருந்தா, பெத்த புள்ள மூஞ்சிய அந்த மனுசன் பாத்திருப்பாரு" என்பாள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

அப்பா ஒரு மாசி மாதம் ஊரிலேயே மாரடைப்பில் போனார். அடுத்த வைகாசியில் காதரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் அதற்குள் குடும்பத்தோடு போர்ட் பிளேருக்கே குடிவந்து, தனியாகவும் ஒரு கடை வைத்திருந்தார். உங்கள் முறை தொடங்கிவிட்டது, சாவி என்னிடம் இருக்கிறது, கூரையில் தகரம் போய்விட்டது, யாராவது வந்து சாவியை வாங்குங்கள் அல்லது வேண்டாமென்று சொல்லி முறையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை அடுப்பில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "போயி அந்த எளவத் தொலச்சிட்டு வா. ஆனா காதருக்கு மட்டும் குடுத்துறாத. எம்புள்ளையத் தின்ன வீடு அது, அவன் அதுல பொழைக்கக் கூடாது" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்று காதருக்கு ஒரு வரி தந்தி அடித்துவிட்டு, ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

பரமக்குடியில் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை எழும்பூர். கப்பல் சீட்டுக்கு மெட்ராஸில் இரண்டு நாள் வரிசை. காலரா ஊசி போட்ட சீட்டு கேட்டார்கள், வைத்திருந்தேன். கீழ்த்தளத்தில் பங்க் படுக்கைக்குத் தொண்ணூற்றாறு ரூபாய் என்று நினைவு, சாப்பாடு தனி. "கூட யாரு வர்றாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. யாரும் வரவில்லை என்றால் சீட்டுக் கொடுப்பவர் முதல் சுமை தூக்குபவர் வரை ஒரு பார்வை பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல். நல்ல காலத்தில் மூன்று நாள், ஆனியில் நாலரை நாள். முதல் நாள் கரை தெரிகிறவரை எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். இரண்டாம் நாள் எல்லாரும் வாளியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். நானும்தான். போகிறவர்களுக்கு என் யோசனை: எலுமிச்சம்பழம் வேண்டாம், அது ஏமாற்று. வறண்ட ரொட்டியும் காற்று வரும் மேல்தளமும்தான் மருந்து.

ஐந்தாம் நாள் மதியம் ஹாடோ துறையில் இறங்கினேன். மழை. குடைகளுக்கு நடுவே வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் நின்றார். மூக்கும் காதும் நான் சின்ன வயதில் பார்த்தபடியேதான் இருந்தன. சாட்சிக்கென்று கடைக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார்.

"வந்துட்டியா தாயி? வேலு சாடையாவே இருக்கே" என்று சாவியை நீட்டினார்.

நான் நாலரை நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசவு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாவியை வெடுக்கென்று பிடுங்கினேன். அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு திருப்தி வேறு.

"எல்லாம் பாத்துக்கிட்டீகளா? வாங்கியாச்சு" என்று அவர் சாட்சியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "வேணாம்னு சொல்லணும்னா கை நீட்டாமச் சொல்லியிருக்கணும் தாயி. வாங்கிட்டே. இனி ஆவணி வரைக்கும் ஒம்முறை. கூரையும் ஒன்னோடதுதான்."

இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். கொடுக்க வந்தவள் வாங்கிவிட்டேன். முறை வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

துறையிலிருந்து ஜங்லிகாட் இரண்டு மைல், டாக்சிக்கு நாலு ரூபாய். காதர் தன் வீட்டில் தங்கச் சொன்னார். அவர் வீட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். "சரி" என்றார். முகம் சுளிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

வீட்டைப் பார்த்ததும் அழுகை வந்தது. இதற்குத்தானா? ஒரு சரிவில், சேறு நடுவில், கறுத்த பலகைப் பெட்டி. மேற்குப் பக்கம் நாலு தகரம் இல்லை. கடையில் தண்ணீர் கணுக்கால் அளவு. பின்னறை மட்டும் நனையவில்லை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பழைய ரேடியோ. எங்கள் அப்பா எங்களுக்காகக் கிடந்து கஷ்டப்பட்ட இடம் என்று அந்தத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

அதே கப்பல் எட்டு நாள் கழித்துத் திரும்பும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, என் விடுப்போ அதற்குமேல் தாங்காது. எனவே எட்டு நாளுக்குள் என் கையிலிருந்து இந்தச் சாவியை யாராவது வாங்கியாக வேண்டும். அக்கம் பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். மலையாளி ஒருவர், தெலுங்கர் ஒருவர், தூத்துக்குடிக்காரர் ஒருவர். மூன்று பேரும் எந்த மாதம் என்று முதலில் கேட்டார்கள். வைகாசி-ஆவணி என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். இலவசமாகவே தருகிறேன் என்றேன். "சும்மா குடுத்தாலும் சுமைதானம்மா" என்றார் தூத்துக்குடிக்காரர். காதர் மட்டும், "நான் எடுத்துக்கறேன். ஆனா நான் இப்பத்தான் என் முறைய முடிச்சேன். அருணாசலம் ஒத்துக்கிடணும்" என்றார். எனக்குள் அம்மாவின் குரல் கேட்டது. பார்த்தாயா, கடைசியில் இதுதான் அவன் திட்டம்!

அருணாசலம் அப்போது வடக்கே, நடு அந்தமான் தீவில், ரங்கத்தில் சாலை கான்ட்ராக்ட் எடுத்து மனைவியோடு அங்கேயே தங்கியிருந்தார். சாவியை அவர் தலையில் கட்டுவது என்று முடிவு செய்தேன். படகு மூன்றாம் நாள்தான். அந்த இரண்டு நாளில் கூரையைப் போட்டேன். ஒரு பெங்காலித் தச்சரைப் பிடித்து, தகரத்துக்கும் கூலிக்குமாக அறுபத்திரண்டு ரூபாய். ஏணியைப் பிடித்துக்கொண்டு மழையில் நானும் நின்றேன். வேலாயுதத்தின் முறை ஓட்டையோடு கைமாறியது என்று எவனும் சொல்லக் கூடாதல்லவா! அப்பா பெயருக்கு நான் செய்த கடைசி மரியாதை அது.

காலை ஐந்தரைக்குப் படகு, பயணச்சீட்டு ஏழு ரூபாய். ரங்கத் துறைக்கு இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் இடப்பக்கம் காடு, காட்டின் மேல் மேகம், பார்க்க அழகு என்றுதான் சொல்ல வேண்டும். அழகை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. துறையிலிருந்து பஜார் எட்டு கிலோமீட்டர். பஸ் போய்விட்டிருந்தது. மரம் ஏற்றும் லாரி ஒன்று நின்றது.

"ரங்கத் பஜார்? பைட்டோ, பைட்டோ" என்றார் டிரைவர், குடியேறி வந்த பெங்காலி. "மெயின்லேண்ட் ஸே? அகேலி?"

உட்காரச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்தா, தனியாகவா என்று கேட்கிறார். தனியாகத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, முன் இருக்கையிலிருந்த வாழைத்தாரைப் பின்னால் போட்டார். காசு வாங்கவில்லை. இந்தப் பயணத்தில் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதவர் இவர் ஒருவர்தான்.

அருணாசலம் கன்னங்கரேலென்று, இடுப்பில் துண்டோடு, பாதி போட்ட சாலையில் ஜல்லி அளந்துகொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி சுடுசோறும் மீன்குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் சாவியை எடுத்து வைத்தேன்.

"பெரியப்பா, நீங்க இத வாங்கிக்கங்க. காதருக்குக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கா."

"எதுக்குக் குடுக்கக் கூடாது?"

"உங்களுக்குத் தெரியாததா? தொப்பியில சீட்டப் போட்டு எங்க தலையில மழைய..."

"சீட்டா?" என்றார். "எந்தச் சீட்டு?"

நான் அப்பா சொன்ன கதையை அப்படியே சொன்னேன். அவர் மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அருணாசலம் பல் குத்த ஒரு ஈர்க்கை ஒடித்துக்கொண்டார்.

"பாப்பா, சீட்டும் போடல, தொப்பியும் கழட்டல. மழை மாசத்த யார் எடுக்கறதுன்னு நானும் காதரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தோம். உங்கப்பன்தான் எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கினான்."

"பொய்."

"எனக்கு என்ன வந்துச்சு பொய் சொல்ல? மழை மாசத்துல கப்பல் வராது, ஒரு பயலும் என்னைக் கூப்பிட முடியாதுன்னான். வீட்டுல காது குத்து, பங்காளி சண்டை, பொண்டாட்டி மொகறை, எல்லாத்துக்கும் கப்பல் இல்லேங்கற ஒரு வார்த்த போதும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வருசத்துல நாலு மாசம் நான் மனுசனா இருக்கேன் அருணாசலம்பான். யாவாரம் நடக்காட்டியும் கவலப்பட மாட்டான். நாற்காலியில சாஞ்சுக்கிட்டு மழையப் பாத்துக்கிட்டு ரேடியோ கேப்பான். அவ்வளவுதான்."

"வேற... யாராவது?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ.

"பொம்பளையா? சேச்சே. அந்த மாதிரி ஆளில்ல உங்கப்பன். தனியாத்தான் இருப்பான்."

அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "தம்பி செத்த ஆடியில நெசமாவே கப்பல் இல்லையா?"

"எனக்குத் தெரியாது பாப்பா. அப்ப நான் ஊர்ல இருந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சாவியைத் தொடவில்லை. எனக்கு இந்த வயசில் இரண்டு இடம் பார்க்க முடியாது, காதருக்கே கொடு, எனக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரங்கத்தில் இரண்டு நாள் படகு இல்லை, கடல் கலங்கியிருந்தது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பார்த்தது அருணாசலம் வீட்டுக் கொல்லையும் அதில் பெய்த மழையும். அம்மா முறுக்குச் சுடும் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதர் இதைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

ஆறாம் நாள் மாலை ஜங்லிகாட் திரும்பினேன். கதவைத் திறந்ததும் அறையைத் தலைகீழாகப் புரட்டினேன். கட்டிலைக் கவிழ்த்தேன், பலகை இடுக்கில் ஈர்க்குச்சி விட்டுத் துழாவினேன். ஒரு கொண்டை ஊசி, ஒரு உடைந்த வளையல், ஒரு ரிப்பன் துண்டு, ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்திருந்தால் திட்ட ஒருத்தி கிடைத்திருப்பாள், அம்மாவும் நானும் பிழைத்திருப்போம். ஒன்றும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். எங்களைவிட்டு அவர் யாரிடமும் போகவில்லை. எங்களிடமிருந்து போனார், அவ்வளவுதான். அது அதைவிடக் கேவலமாக இருந்தது எனக்கு.

அந்த அறையில் நாற்காலியின் கைப்பிடி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நான் அதில் உட்காரவில்லை.

மறுநாள் காலை காதர் கடைக்குப் போனேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருணாசலத்தின் தாளை நீட்டினேன். படித்துவிட்டு மடித்தார்.

"சொல்லிட்டானா?" என்றார்.

"பதினாறு வருசம். எங்கம்மா உங்களச் சபிக்காத நாள் இல்ல. ஏன் சொல்லல நீங்க?"

"யாருகிட்ட சொல்லச் சொல்றே? உங்கம்மாகிட்டயா? வேலு என்கிட்ட, ஊர்ல ஒன் பேரச் சொல்லி வச்சிருக்கேன் காதர், கோவிச்சுக்காதன்னான். தொப்பிய வேற இழுத்துட்டியாடான்னு கேட்டேன். சிரிச்சான்."

"நீங்களும் சிரிச்சீங்க."

"சிரிச்சேன். தாயி, நான் பெரிய நல்லவன்னு நெனச்சுறாத. தையும் மாசியும் பங்குனியும் யாருக்கு வந்துச்சு? எனக்கு. மாடி யாரு கட்டினா? நான். வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு அதான் கூலி. நல்ல மாசமும் வந்துச்சு, பழியும் வந்துச்சு, ரெண்டையும் வாங்கிக்கிட்டேன்."

பிறகு தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒந்தம்பி மவுத்துக்கு அப்புறம் ஒரு வாட்டி கேட்டேன். வேலு, போதும்டா, மாத்திக்குவோம், தை மாசத்த நீ எடுத்துக்கன்னேன். ஆடி மாசம் என்னால அந்த வீட்டுல இருக்க முடியாது காதர்னுட்டான்."

இருக்க முடியாதாம். அம்மா இருந்தாள். ஒவ்வொரு ஆடியும், அதே வீட்டில், தம்பியைப் பாயில் போட்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நானும் இருந்தேன். அவருக்கு மட்டும் கப்பல் இல்லை.

பக்கத்துக் கடைக்காரர் சாட்சிக்கு வந்தார். பலகை வீட்டு வாசலில் வைத்து வலது கையால் சாவியை நீட்டினேன், காதர் வலது கையால் வாங்கினார். புதுத் தகரத்தை அண்ணாந்து பார்த்து, "நல்லா போட்டிருக்கே" என்றார். மாமா என்று வாய் வரை வந்தது. சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவேன். விழுங்கிவிட்டேன். அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்குச் செய்த சத்தியம் அந்த வாசலில் போயிற்று.

கப்பல் புறப்பட இன்னும் ஒரு நாள் இருந்தது. சீட்டில் முத்திரை வாங்கக் கப்பல் ஆபீஸுக்கு இரண்டு தரம் போனேன். அங்கே ஒரு அலமாரி நிறையப் பழைய பதிவேடுகள், வருஷவாரியாக முதுகில் எண் எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். குமாஸ்தா நம் ஊர்க்காரர், நல்ல மனிதர், கேட்டிருந்தால் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருப்பார். அந்த ஆடியில் கப்பல் போனதா இல்லையா என்று ஒரே ஒரு வரி. நான் தந்தி ஆபீஸில் வேலை செய்பவள், ஒற்றை வரிக்கு என்ன கனம் என்று தெரியும். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். இன்றுவரை தெரியாது.

இனி உங்களுக்குப் பயன்படுகிற சங்கதி. இப்போது விமானம் இருக்கிறது, சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். கப்பலில்தான் போவேன் என்கிறவர்கள் தை முதல் சித்திரைக்குள் போங்கள், கடல் பாய் விரித்த மாதிரி இருக்கும். மழை மாதத்தில் போகாதீர்கள். போனாலும் நாள் எண்ணி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், ரங்கத், மாயாபந்தர் பக்கம் படகு நின்றால் நின்றதுதான். அரைக்கைச் சட்டையும் குடையும் போதும். மீன் விலை மலிவு. யாராவது வருஷத்துக்கு இத்தனை நாள் உங்களுக்கே சொந்தம் என்று சொன்னால், எந்த மாதம் என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டு ஆள் அதற்குத் தலையாட்டினால், எதற்காக ஆட்டுகிறார் என்று கேளுங்கள். கையில் வாங்குவதற்கு ஒரு நொடி, கொடுப்பதற்கு எனக்கு இரண்டு கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, "யாரு வாங்குனா?" என்றாள்.

வழி முழுக்க, பங்க் படுக்கையில் வாந்திக்கு நடுவிலும், இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தேன். புருஷன் மிஞ்ச மாட்டான். தம்பி ஏற்கெனவே இல்லை. காதர் மேலிருந்த கோபம் ஒன்றுதான் அவளை எழுப்பி உட்காரவைத்து அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. தைரியமும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"காதருதாம்மா. ஏமாத்திப் புடுங்கிக்கிட்டான்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள்.

அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். ஒவ்வொரு ஆடியும் முற்றத்தில் மண்ணை வாரினாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் போவதற்கு முந்தின வருஷம், காதர் காலமாகிவிட்டார் என்று போர்ட் பிளேரிலிருந்து அவர் மகன் கடிதம் போட்டிருந்தான். நான்தான் படித்துச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிச் சாமி கும்பிட்டாள். பிறகு எழுந்து, இருந்த சேமியாவில் பாயசம் வைத்தாள். எனக்கு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.